சார்ட் பேப்பரைக் கொஞ்ச நாள் பரணில் வையுங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பக்கம் ஓர் எல்.பி. பள்ளியில் (தொடக்கப் பள்ளி) தமிழ் மீடியம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். 19 பிள்ளைகள். ராத்திரி பதினொரு மணி வரை சார்ட் வெட்டி ஒட்டுகிறேன். மறுநாள் மத்தியானத்துக்குள் கிழிந்துவிடுகிறது. பாதிப் பிள்ளைகள் மலையாளம் கலந்துதான் பேசுகிறார்கள். அதிகத் தயாரிப்பு இல்லாமல் எழுத்தும் வாசிப்பும் சொல்லித்தர வழி உண்டா?
– ஓர் ஆசிரியை, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்

பதில்: அன்புள்ள டீச்சர்,

இந்த எல்லையோரத்தில் 31 வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். நீங்கள் சொல்லும் அந்தப் பதினொரு மணி எனக்கும் நன்றாகத் தெரியும். சார்ட்டை வரைந்து, வெட்டி, ஒட்டும்போது எழுத்தோடு மல்லுக்கட்டுவது நீங்கள்தான். பிள்ளை தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. அந்த வேலை பிள்ளையின் வாய்க்கும் கைக்கும் போக வேண்டும்.

முதலில் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் ஆளுக்கொரு பெயராக எழுதித் தரையில் பரப்பிவிடுங்கள். காலையில் வந்ததும் அவரவர் பெயரை எடுத்துச் சுவரோரம் வைக்கட்டும். வருகைப்பதிவும் அதிலேயே முடிந்துவிடும். ஒரு வாரம் போனதும் பக்கத்தில் இருப்பவர் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், ‘ம’வில் தொடங்கும் பெயர்கள் எல்லாம் எங்கே என்று கேளுங்கள். மணிகண்டனும் மதுமிதாவும் ஒரே எழுத்தைப் பங்குபோட்டுக்கொள்வதைக் கண்டுபிடிக்கும் நாளில் வகுப்பே எழுந்து நிற்கும்.

அ, ஆ என்று வரிசையாகப் போக வேண்டும் என்பதில்லை. ட, ப, ம ஆகிய மூன்றும் கோடு இழுத்தாலே வந்துவிடும். புள்ளி வைக்கத் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கையில். முற்றத்து மணலில் விரலால் எழுதட்டும். விஜயதசமியன்று அரிசியில் ‘ஹரிஸ்ரீ’ என்று முதல் எழுத்து எழுதிய விரல்கள்தானே, பழக்கம் இருக்கும். எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி எழுதியும் வெளியிட்டார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்ததை நாம்தான் மறந்துவிட்டோம்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் இடம். ‘கொ’ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது ‘க்’. எழுதும்போதோ கொம்பு முன்னால் போய் நிற்கிறது. காதும் கையும் எதிரெதிராக இழுப்பதால்தான் பிள்ளைகள் ‘க’வை எழுதிவிட்டுக் கொம்பை எங்கே வைப்பதென்று முழிக்கிறார்கள். இதற்கு மூன்று சிலேட்டு போதும். ஒன்றில் கொம்பு, ஒன்றில் க, ஒன்றில் துணைக்கால் எழுதி மூன்று பேரை வரிசையாக நிறுத்துங்கள். நடுவில் நிற்கும் ‘க’ சத்தம் போடும். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் அந்தச் சத்தத்தை மாற்றுவார்கள். துணைக்காலை உட்காரச் சொன்னால் ‘கெ’. கொம்பை இரட்டைக் கொம்பாக மாற்றினால் ‘கே’. கால் மறுபடி எழுந்தால் ‘கோ’. நடுவில் ‘ப’ வந்து நின்றால் ‘போ’. என் வகுப்பில் ஒரு பையன் கொம்பாக நின்றுகொண்டு, “டீச்சர், நான் முன்னால் நிற்கிறேன், ஆனால் என் சத்தம் பின்னால் வருது” என்றான். மாதக்கணக்கில் நான் சொல்லிப் புரியாதது நின்று பார்த்ததில் புரிந்துவிட்டது.

மலையாளம் கலப்பதைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒருநாள் ஒரு சிறுமி, “டீச்சர், வெள்ளம் வேணும்” என்றாள். மலையாளத்தில் அது தண்ணீர். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன். ஒரு வாரம் அவள் வாயே திறக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு வலிக்கும். அதற்குப் பிறகு கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன்: இந்தப் பக்கம் வீட்டுச் சொல், அந்தப் பக்கம் புத்தகச் சொல். வெள்ளம், தண்ணீர். பூச்ச, பூனை. தப்பு என்று எதையும் அடிக்கவில்லை. இரண்டையும் தமிழ் எழுத்திலேயே எழுதுவதால் வீட்டுச் சொல்லும் வாசிப்புப் பயிற்சியாகிவிடும்.

இதே பலகையில் தினமும் ஒரு பிள்ளை சொல்லும் ஒரு வாக்கியத்தையும் எழுதுங்கள். ‘எங்க வீட்டுப் பசு கன்னு போட்டுச்சு’ என்றால் அப்படியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். தான் சொன்னது என்பதால் அந்தப் பிள்ளை அதை வாசித்துவிடும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் காட்ட, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கூடவே சொல்லட்டும். இரண்டு வகுப்பும் சேர்ந்திருப்பது இங்கே உங்களுக்கு வசதிதான்.

மிட்டாய் உறை, பிஸ்கட் பாக்கெட், பொள்ளாச்சி பஸ்ஸின் போர்டில் பார்த்த எழுத்து என்று பிள்ளைகளே கொண்டுவருவதும் பாடம்தான். எதுவானாலும் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். தினமும் புதிது தேட வேண்டாம். அதே விளையாட்டை இருபது நாள் விளையாடினாலும் பிள்ளைகளுக்குச் சலிக்காது.

எவ்வளவு செய்தும் யாராவது ஒரு பிள்ளைக்கு எழுத்து பிடிபடவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் சோதிக்கச் சொல்லி வீட்டாரிடம் பேசுங்கள்.

திங்கட்கிழமை பெயர்ச்சீட்டில் ஆரம்பியுங்கள். காலண்டர் தாளை வீட்டிலிருந்து பிள்ளைகளே கொண்டுவரட்டும்.