கண்ணுக்கு ஏற்றிய மஞ்சள் மருந்து புற்றுநோயைக் காட்டுமா?

ஐயா, வணக்கம். அம்மாவுக்கு 62 வயது, சீனி வருத்தம். கண் கிளினிக்கில் கை நரம்பால் மஞ்சள் மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். லண்டனில் இருக்கிற மாமா, அங்கே மூளைக் கட்டிக்கு ஒளிரும் மருந்தைக் குடிக்கக் கொடுத்து ஒப்பரேசன் செய்வதாகச் சொன்னார். இதை ஏற்றி உடம்பு முழுக்கப் புற்றுநோய் தேட ஏலாதா? அம்மா வெற்றிலை போடுகிறவ. கன்னத்தின் உட்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு, இரண்டு மாதமாக மாறவில்லை.
— வாசகி, புதுக்குடியிருப்பு

வணக்கம் பிள்ளை. கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேணும். மூன்று கிழமைக்கு மேல் மாறாத வாய்த் திட்டைக் காட்டியே ஆக வேணும். இந்தக் கிழமையே அரச வைத்தியசாலையின் பல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தேவையென்றால் விறைப்பு ஊசி போட்டுச் சிறு துண்டு சதை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டெல்லாம் புற்றுநோயல்ல. ஆனால் அதை ஒளிரும் சாயம் எதுவும் தீர்மானிக்காது.

அம்மாவுக்கு ஏற்றியது புளோரசீன் என்ற சாயம். இரத்தக்குழாய் எங்கே கசிகிறதோ அங்கே அதுவும் கசியும், அவ்வளவுதான். சீனியால் பழுதான விழித்திரையும் கசியும், கட்டியும் கசியும், வெறும் வீக்கமும் கசியும்.

மாமா சொன்னது வேறு சரக்கு, 5-அமினோலெவுலினிக் அமிலம். வேடிக்கை என்னவென்றால், அது தானாக ஒளிராது. கிளையோமா என்கிற மூளைக் கட்டி வீரியமானதாக இருந்தால், அதன் கலங்கள் அந்த அமிலத்தைப் புரோட்டோபோர்பிரின் என்ற பொருளாக மாற்றிச் சேர்த்து வைக்கும், ஒளிர்வது அதுதான். உடல் நிறையில் கிலோவுக்கு 20 மில்லிகிறாம் கணக்கு. 1.5 கிறாம் தூளை 50 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்தால், 60 கிலோ ஆளுக்கு 40 மில்லிலீற்றர். மயக்கமருந்துக்கு ஏறத்தாழ 3 மணித்தியாலம் முன்னர் குடிக்க வேணும். 400 நனோமீற்றர் அளவான அலைநீளமுள்ள நீல ஒளியில் கட்டி சிவப்பாக ஒளிரும். இரத்தம் மூடினால் தெரியாது. ஓரம் வெளிர் ரோசாவாக மங்கும். விளக்கைப் பிடித்துக்கொண்டே நின்றால் நிறம் வெளிறும். வீரியம் குறைந்த கட்டி பெரும்பாலும் ஒளிராமலே கிடக்கும். குடித்தவர் குறைந்தது ஒரு நாள் வெளிச்சத்துக்கு ஒதுங்கியிருக்க வேணும். வன்னி வெயிலில், யன்னல் திரை இல்லாத வாட்டில் அது பெரும் பாடு.

உடம்பு முழுக்க ஏன் ஏலாது? இரவில் ரோச் லைற்றை உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள். சிவப்பு மட்டும் ஊடுருவி வரும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிவிடும். அதனால்தான் சிவப்பையும் தாண்டி, 800 நனோமீற்றர் பக்கம் வேலை செய்யும் இந்தோசயனின் பச்சை என்ற சாயத்தைப் பல சத்திரசிகிச்சைகளில் விரும்புகிறார்கள். அதுவும் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தோடு நின்றுவிடும். ஆக, இவை திறந்தோ கமராக் குழாய் விட்டோ பார்க்கிற வைத்தியருக்கான விளக்குகள். வெளியிலிருந்து தேடுவதற்கு ஸ்கான்தான்.

வாய்க்குள் நீல விளக்கு அடிக்கும் கருவிகளும் உண்டு. சாயம் தேவையில்லை, நல்ல சவ்வு பச்சையாகத் தெரியும், கெட்ட இடம் கறுக்கும். சுண்ணாம்பு சுட்டுப் புண்ணான கன்னமும் கறுக்குமே! அதனால் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

புகையிலையை மட்டும் விட்டால் போதாது, பாக்கே புற்றுநோய் தரும். பல் பிரிவுக்குப் போகும்போது அம்மா எத்தனை வருடமாக வெற்றிலை போடுகிறா, எந்தக் கன்னத்தில் அடக்குகிறா, என்னென்ன குளிசை எடுக்கிறா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.