பிரெம் கிராமம், மோசல் நதி, கால்மோன்ட் மலை: கேள்வி பதில்

ஜெர்மனியின் மேற்கில் மோசல் ஆறு கொண்டை ஊசிபோல் வளையும் இடத்தில் இருக்கிறது பிரெம். முன்னால் ஆறு, பின்னால் கால்மோன்ட் மலை, இடையில் கிடைத்த ஒடுக்கமான இடத்தில் வீடுகள். இந்த ஊரைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கே: ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் இங்கேதான் என்கிறார்களே, உண்மையா?

ப: பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். ஜெர்மனியிலேயே வேறோர் ஊரும் அந்தப் பட்டத்துக்குப் போட்டி போடுகிறது. மலையுச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 378 மீட்டர். ஆற்றிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ 290 மீட்டர் உயரம். சரிவு சில இடங்களில் 65 பாகை வரை போகிறது. அதாவது 1 மீட்டர் முன்னே போனால் 2 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மலை முழுக்க அப்படி இல்லை. மிகச் செங்குத்தான துண்டின் அளவைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள்.

கே: இவ்வளவு கஷ்டப்பட்டு அங்கே ஏன் பயிரிட வேண்டும்? சமதரையில் வைத்தால் ஆகாதா?

ப: ரீஸ்லிங் திராட்சை தாமதமாகப் பழுக்கும் ரகம். இந்தக் குளிர் நாட்டில் அதற்கு ஒவ்வொரு துளி வெயிலும் கணக்கு. சரிவு தெற்கு பார்த்தது. வெயில் கிட்டத்தட்ட நேராக விழுகிறது. கீழே ஆறு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. மண் என்று பார்த்தால் பெரும்பாலும் உடைந்த ஸ்லேட் கல்தான். பகலில் சூடேறி இரவில் அந்தச் சூட்டை மெல்ல விடும். 'சூடான மலை' என்ற லத்தீன் சொற்களிலிருந்தே கால்மோன்ட் என்ற பெயர் வந்தது என்பது ஒரு விளக்கம். பாறையைக் குறிக்கும் கெல்டியச் சொல் என்பாரும் உண்டு.

விலை உழைப்பில் கொடுக்க வேண்டும். டிராக்டர் ஏறாது. ஒவ்வொரு கொடிக்கும் தனிக் கம்பம், கத்தரிப்பது கையால், பறிப்பது கையால். மழையில் கீழே இறங்கிய கல்லையும் மண்ணையும் திரும்ப மேலே கொண்டுபோக வேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் பற்சக்கரத்தால் ஏறும் சின்ன மோட்டார் வண்டி வந்த பிறகுதான் ஆளும் கூடையும் மேலே போவது கொஞ்சம் எளிதானது.

கே: சரிவில் படிபடியாக மண்ணைத் தாங்கி நிற்கும் கல்சுவர்களைப் படங்களில் பார்த்தேன். அவற்றில் சிமெண்ட் இல்லையே, விழுந்துவிடாதா?

ப: சிமெண்ட் போட்டால்தான் விழும். மழைநீர் சுவருக்குப் பின்னால் தேங்கினால் அந்த அழுத்தத்தில் சுவர் வயிறு தள்ளி ஒருநாள் சரியும். காரையில்லாச் சுவரில் நீர் இடுக்கு வழியே கசிந்து போய்விடும். அடியில் பெரிய கல், சுவர் முழுக்க மலைப் பக்கம் சற்றே சாய்வு, மேல் வரிசைக் கல் கீழ் வரிசையின் இடுக்கை மூடும்படி வைப்பு, பின்புறம் சில்லுக் கல் நிரப்பு. இதில் நிரப்பைச் சோம்பலில் விட்டு மண்ணைக் கொட்டினால் சில மழைக்காலத்திலேயே தெரிந்துவிடும். கைவிட்ட தோட்டங்களில் முட்புதர் வேர் இடுக்கில் புகுந்து கல்லை நெம்புகிறது. ஒரு படி சரிந்தால் அடுத்த படிக்கும் ஆபத்து.

கே: எதிர்க்கரையில் கூரையில்லாமல் நிற்கும் தேவாலயம் என்ன?

ப: ஸ்டூபன் மடம். 1137-இல் அகஸ்தீனிய சபைக் கன்னியருக்காக ஏற்பட்டது. இன்று நிற்கும் சுவர்கள் அவ்வளவு பழையவை அல்ல. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய தேவாலயத்தின் மிச்சம்.

இந்த மடத்தின் பெருமை வேறு. 1204-இல் சிலுவைப் போர்ப் படை பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) சூறையாடியபோது, ஹைன்ரிஷ் ஃபான் உல்மென் என்ற வீரர் பத்தாம் நூற்றாண்டுப் பைசாந்தியப் பேழை ஒன்றை எடுத்து வந்தார். பொன், எனாமல் வேலைப்பாடு. உள்ளே இயேசுவின் சிலுவை மரத்துண்டு என்று நம்பப்பட்டது. அதை 1208-இல் இந்த மடத்துக்குக் கொடுத்தார். கொள்ளைப் பொருள்தான், 'காணிக்கை' என்று எழுதினாலும். சுமார் 580 ஆண்டுகள் இந்த ஆற்றுவளைவில் இருந்தது. 1788-இல் மடம் தன் பழைய வடிவை இழந்ததும் பேழை வெளியேறியது. இப்போது லிம்புர்க் பேராலயக் கருவூலத்தில் இருக்கிறது. மடத்தைப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஏலம் விட்டார்கள். பேழையைப் பார்க்க வேண்டுமானால் லிம்புர்க்தான் போக வேண்டும், இங்கே வெறும் சுவர்தான்.

கே: ரயிலில் போக முடியுமா? வரைபடத்தில் பிரெமுக்கு நிலையம் காணோமே.

ப: கிடையாது. ஆற்றோடு வளைந்து போனால் தூரம் கூடும் என்று 1879-இல் திறந்த பாதை மலைகளைக் குடைந்து நேராகப் போகிறது. கோகெம் பக்கம் இருக்கும் கைசர் வில்ஹெல்ம் சுரங்கம் 4,205 மீட்டர். நூறாண்டுக்கு மேல் நாட்டின் மிக நீளமான ரயில் சுரங்கம் அதுதான். அதைத் தாண்டி எல்லர் என்ற ஊரில் ரயில் ஆற்றைக் கடக்கிறது, பீட்டர்ஸ்பெர்க் மலையை இன்னொரு சுரங்கத்தில் துளைத்து நேஃப் என்ற ஊருக்குப் போகிறது. பிரெமின் வளைவு அப்படியே வெளியே விடப்பட்டது.

எனவே ஒன்று, எடிகர்-எல்லர் நிலையத்தில் இறங்கி மலைப்பாதை வழியாகப் பிரெம் வாருங்கள். அல்லது நேஃபில் இறங்கிப் பாலம் கடந்து ஆற்றோரமாக நடந்து வாருங்கள். என் யோசனை: முதல் வழியில் வந்து இரண்டாவது வழியில் திரும்புங்கள்.

கே: அந்த மலைப்பாதை எப்படி? அம்மாவுக்கு 60 வயது, கூட்டிப் போகலாமா?

ப: வயது பிரச்சினை இல்லை, தலைசுற்றல்தான் பிரச்சினை. எல்லருக்கும் பிரெமுக்கும் நடுவில் சரிவின் குறுக்கே ஓடும் பாதை. ஆபத்தான இடங்களில் எஃகுக் கயிறு, இரும்பு ஏணி, பாறையில் பதித்த கம்பிப் படி. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறும் அளவுக்குக் கடினமில்லை. ஆனால் ஓரிடத்தில் பயம் பிடித்துவிட்டால் குறுகிய பாதையில் திரும்புவது சிரமம். நின்று நின்று நடக்க சுமார் 3 மணி நேரம் ஒதுக்குங்கள்.

கணுக்காலைப் பிடிக்கும் காலணி கட்டாயம். மழை பெய்த அன்று போகாதீர்கள். நனைந்த ஸ்லேட் சோப்புப் போல வழுக்கும். ஜூலை, ஆகஸ்டில் நடுப்பகலும் வேண்டாம். திராட்சைக்கு நல்ல சூடு மனிதருக்கு ஆகாது. ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். கல் சரிந்தால் பாதையை மூடுவார்கள், நுழைவாயில் பலகையைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். அம்மாவுக்கு உயரம் ஒத்துவராது என்றால் மலைமுகட்டில் போகும் சாதாரண நடைபாதை இருக்கிறது. வளைவு முழுதாகத் தெரிவது அங்கிருந்துதான். ரோமானியர் காலக் கோயில் ஒன்றின் மறுகட்டுமானமும் மேலே உண்டு.

கே: அப்பல்லோ பட்டாம்பூச்சி பார்க்க எப்போது போகலாம்?

ப: ஜூன். வெயில் ஏறிய பின். வெள்ளை இறக்கையில் சிவப்புக் கண் பொட்டு இருக்கும். இதன் புழு வெள்ளைப் பூ பூக்கும் ஒரு சிறு கற்செடியின் சதைப்பற்றான இலையைத் தின்று வளர்வது. அந்தச் செடி கல்சுவர் இடுக்கில் முளைப்பது. அதனால் சுவரில் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது, போனவர் எல்லாருக்கும் கிடைக்காது.

கே: ஆற்றில் வெள்ளம் வருமா? இவ்வளவு ஒட்டி வீடு கட்டியிருக்கிறார்களே.

ப: வரும், பெரும்பாலும் குளிர்காலத்தில். 1993 டிசம்பர் வெள்ளம் பெரிது. இதே ஆற்றங்கரையில் உள்ள டிரியர் நகரில் நீர்மட்ட அளவுகோல் 11.28 மீட்டர் காட்டியது. 1964-இல் திறந்த தடுப்பணைகளும் மதகுகளும் வெள்ளத்தைத் தடுக்க அல்ல, கப்பல் ஓட ஆழம் கொடுக்க. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். படத்தில் ஆறு ஏரிபோல அசையாமல் தெரிவதும் அந்தத் தடுப்பணைகளால்தான்.