பிணைப்பு உடையும்போதா வெப்பம் வெளிப்படுகிறது?

மும்பை மாட்டுங்காவில் மகனுக்கு வேதியியல் சொல்லித்தரும் ஒருவர், எரிவாயுவில் அணுக்களைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்புகள் உடைவதால்தானே அடுப்பில் வெப்பம் வருகிறது என்று கேட்டிருக்கிறார். பலருக்கும் உள்ள எண்ணம்தான் இது. ஆனால் உண்மை நேர்மாறானது.

எந்தப் பிணைப்பை உடைக்கவும் ஆற்றல் செலவாகும். புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும். உங்கள் வீட்டுக் குழாய் எரிவாயுவின் பெரும்பகுதியான மீத்தேனையே எடுத்துக்கொள்வோம். ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு), அதாவது 16 கிராம் மீத்தேனையும் அது எரியத் தேவையான 2 மோல் ஆக்சிஜனையும் தனித்தனி அணுக்களாகப் பிரிக்க ஏறத்தாழ 2650 கிலோஜூல் வேண்டும். அந்த அணுக்கள் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் சேரும்போது ஏறத்தாழ 3450 கிலோஜூல் வெளிப்படுவதால், எஞ்சும் சுமார் 800 கிலோஜூலே சமையலுக்கு வெப்பமாகிறது. (உண்மையில் வினை பல படிகளாக நடக்கிறது, கணக்குக்கு இது போதும்.) முதல் சில பிணைப்புகளை உடைக்கத்தான் லைட்டரின் பொறி, பிறகு சுடர் தன் வெப்பத்தாலேயே தொடர்கிறது.

கணக்கு மறுபக்கம் சாய்ந்தால் வினை வெப்பத்தை உறிஞ்சும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பாக்க மோலுக்குச் சுமார் 178 கிலோஜூல் தேவைப்படுவதால், காளவாயை 900 டிகிரி செல்சியஸ் அளவில் விடாமல் எரிக்க வேண்டியிருக்கிறது. அதே சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினாலோ, மோலுக்குச் சுமார் 65 கிலோஜூல் வெப்பத்தை வெளியிட்டுக் கொதித்து நீறும்.