பூங்காப் புதரில் செம்மரம் வைக்கலாமா?

கேள்வி: காட்பாடியில் எங்கள் நகர் பூங்காவில் பாதி இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. காவலாளி, தோட்டக்காரர் யாரும் இல்லை. அவ்வப்போது நாங்களே சுத்தம் செய்கிறோம். அங்கே செம்மரம், சந்தனம் போன்ற அருகிவரும் மரங்களை நட்டுக் காப்பாற்ற முடியுமா?

பதில்: செம்மரம் சரி. சந்தனம் வேண்டாம்.

திருப்பதி, கடப்பா மலைகளும் அவற்றை ஒட்டிய தமிழக எல்லையும்தான் செம்மரத்தின் பூர்வீகம். நம் வெயிலும் சரளை கலந்த செம்மண்ணும் அதற்குப் பிடிக்கும்; தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் ஆகாது. முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றி, ஆடு கடிக்காமல் முள்வேலி போட்டுவிட்டால் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். சந்தனம் பக்கத்துச் செடியின் வேரிலிருந்து சத்தை உறிஞ்சி வளர்வது. நாற்றாக இருக்கும்போது துணைக்குத் துவரை வைப்பார்கள். உங்கள் புதரில் நன்றாகவே வளரும், அதுதான் சிக்கல். ஜவ்வாது மலைக் காட்டிலேயே திருட்டுக்குத் தப்பாத மரம், காவல் இல்லாத பூங்காவில் எத்தனை நாள் நிற்கும்?

ஆனால் நடுவதற்கு முன் அந்தப் புதரைப் பாருங்கள். ஒரு வருடம் எதையும் மொத்தமாக வெட்டாதீர்கள். நன்னாரி, செங்காந்தள் மாதிரிச் செடிகள் மழை பெய்தால்தான் தலைகாட்டும். சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கென்று ஆகஸ்டில் ஒரு வெட்டு, ஆயுத பூஜைக்கு இன்னொரு வெட்டு என்றால் அவை விதை கட்டவே விடுவதில்லை. (சுத்தம் என்றாலே மொட்டையடிப்பது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ!) நடைபாதை ஓரத்தை எப்போது வேண்டுமானாலும் வெட்டுங்கள்; மற்ற இடத்தைத் தை, மாசியில், விதை உதிர்ந்த பிறகு. செங்காந்தள் கிழங்கு கடும் விஷம் என்பதால் குழந்தைகள் விளையாடும் பக்கம் முளைத்தால் மட்டும் எடுத்துவிடுங்கள்.

அதற்காகச் சும்மா விட்டுவிடுவதும் கூடாது. சீமைக்கருவேலத்தை வெட்டினால் திரும்பத் துளிர்க்கும், வேரோடு தோண்ட வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

இன்னொன்று: மலையிலிருந்து செடியைப் பெயர்த்துக் கொண்டுவராதீர்கள். மாகாளிக்கிழங்கு அப்படித் தோண்டித் தோண்டியே குறைந்துபோனது. வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள். ஒரே தாய்மரத்தின் விதையில் வந்த பத்துக் கன்றைவிட, வெவ்வேறு மரங்களிலிருந்து வந்த நான்கு மேல். எது எங்கிருந்து வந்தது என்று நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு உங்கள் மரத்து விதையைக் கேட்டு வருபவர் முதலில் அதைத்தான் கேட்பார். அப்புறம், இடம் மாநகராட்சியுடையது என்றால் குழி எடுக்கும் முன் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.