லிஸ்ப் மேட்ரிக்ஸ் ஃபோர்ட்ரானுக்குப் போனா ஏன் விடை மாறுது?

கேள்வி: அண்ணாச்சி, நான் இஞ்சினியரிங் கடைசி வருசம். காமன் லிஸ்ப்ங்க கம்ப்யூட்டர் மொழில ஒரு மேட்ரிக்ஸ் லைப்ரரி எழுதுதேன். சமன்பாடு தீர்க்க, ஃபோர்ட்ரான் மொழில எழுதுன லாபேக்ங்க மேட்ரிக்ஸ் கணக்கு லைப்ரரியோட டிஜிஇஎஸ்வி ரொட்டீன கூப்பிட்டா சில மேட்ரிக்ஸுக்கு விடை சரியா வருது, சிலதுக்கு சம்பந்தமே இல்லாம வருது. ஒவ்வொரு தடவையும் திருப்பி அடுக்கி காப்பி பண்ணி அனுப்பினா சரியாவுது, ஆனா ரொம்ப இழுக்குது. பேசாம எல்லாத்தையும் லிஸ்ப்லயே எழுதிரட்டா? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: அத மட்டும் செய்யாத மக்களே. லாபேக்குக்கு அடியில உள்ள பிளாஸ் (அடிப்படை வெக்டர், மேட்ரிக்ஸ் கணக்கு ரொட்டீன்கள்) 1979-ல வந்தது, லாபேக் 1992-ல, அன்னைலேருந்து எத்தனையோ பேரு சோதிச்சு சோதிச்சு சரி பண்ணுன கோடு அது, அத தனியா திரும்ப எழுத ஒருத்தருக்கு ஆயுசு பத்தாது.

சரியா வந்த மேட்ரிக்ஸ எடுத்துப் பாரு, சிமெட்ரிக்கா இருக்கும். லிஸ்ப் நிரை நிரையா மெமரில அடுக்குது, ஃபோர்ட்ரான் நிரல் நிரலா படிக்குது, அதனால நீ ஏ-ங்க மேட்ரிக்ஸ அனுப்பினா அதுக்கு ஏ-யோட டிரான்ஸ்போஸ் (நிரையும் நிரலும் எடம் மாறுனது) தான் தெரியும், சிமெட்ரிக்னா ரெண்டும் ஒண்ணுதான்லா.

அதுனால ரெண்டு பரிமாண அர்ரேய விட்டுரு. டபுள் ஃப்ளோட் (தசம எண்) மட்டும் புடிக்கிற ஒரே ஒரு நீளமான வெக்டர்ல நிரல் நிரலா நீயே அடுக்கு, மேட்ரிக்ஸ்ங்கது அந்த வெக்டர், எங்க ஆரம்பிக்குது, எத்தன நிரை, எத்தன நிரல், லீடிங் டைமென்ஷன் இவ்வளவையும் வச்சிருக்க ஒரு ஆப்ஜெக்ட், அவ்வளவுதான். ஒரு நிரல்லேருந்து அடுத்த நிரல்ல அதே எடத்துக்குப் போக எத்தன எண் தாண்டணும்ங்கதுதான் லீடிங் டைமென்ஷன், இதுதான் முக்கியம். குலசேகரம் பக்கம் வரிசைக்கு 40 மரம் நிக்கிற ரப்பர் தோட்டத்துல ஒரு மூலையில 3 வரிசைல 3, 3 மரம் மட்டும் உனக்குன்னு வையி, உன் மரம் ஒம்பதுதான், ஆனா மரத்த வரிசையா எண்ணிட்டே போனா ஒரு வரிசைலேருந்து அடுத்த வரிசைல அதே எடத்துக்கு வர 40 எண்ணணும். அதே மாதிரி 1000 நிரை உள்ள மேட்ரிக்ஸுக்குள்ள ஒரு 10க்கு 10 துண்டு வேணும்னா ஆரம்ப எடத்த மட்டும் மாத்து, லீடிங் டைமென்ஷன் 1000-ஆவே இருக்கட்டும். ஒரு எண் கூட காப்பி ஆகாது. நீ சொன்ன இழுவை இங்கதான் தீரும்.

டிரான்ஸ்போஸும் அப்படித்தான், ஆப்ஜெக்ட்ல ஒரு ஃப்ளாக்க மாத்தி வச்சா போதும், பெருக்கும்போது டிஜெம்முக்கு (பிளாஸ்ல உள்ள மேட்ரிக்ஸ் பெருக்கல் ரொட்டீன்) டி-ன்னு ஒரு எழுத்து அனுப்பலாம். டிஜிஇஎஸ்வி-க்கு அந்த வசதி கெடையாது, அங்க டிஜிஇடிஆர்எஃப் (மேட்ரிக்ஸ பிரிக்கும்), டிஜிஇடிஆர்எஸ் (அத வச்சு விடை கண்டுபிடிக்கும்)னு ரெண்டா பிரிச்சு கூப்பிடு, ரெண்டாவது அந்த எழுத்த வாங்கிக்கும்.

இன்னொண்ணு, டிஜிஇஎஸ்வி உன் ஏ-ய அழிச்சு அதுலயே எல்யூ-வ (ஏ-ய ரெண்டு முக்கோண மேட்ரிக்ஸா பிரிச்சது) எழுதிரும், சமன்பாட்டோட வலது பக்கமான பி-ல விடைய வைக்கும். அதனால சாதாரண பேருல உள்ள ஃபங்ஷன் காப்பி எடுத்து அனுப்பட்டும், அழிக்கிறதுக்கு லிஸ்ப்போட என்-ரிவர்ஸ் மாதிரி முன்னாடி என் போட்டு தனி பேரு வையி.

நீ ஓட்டுறது எஸ்பிசிஎல்ங்க லிஸ்ப்னா கார்பேஜ் கலெக்டர் (வேண்டாத மெமரிய காலி பண்ணுறது) வெக்டர எடம் மாத்திரும், ஃபோர்ட்ரான கூப்பிட்டு முடியுற வரைக்கும் வித்-பின்ட்-ஆப்ஜெக்ட்ஸ் போட்டு புடிச்சு வையி. ஃப்ளோட் டிராப்பையும் (பூஜ்யத்தால வகுக்குற மாதிரி கணக்குல எர்ரர் கெளப்புறது) மூடிரு, இல்லன்னா நடுவுல எர்ரர் அடிக்கும். அளவு சரிதானான்னு லிஸ்ப் பக்கமே செக் பண்ணிரு, ஏன்னா தப்பான அளவு போனா ரெஃபரன்ஸ் லாபேக் ஸ்டாப் சொல்லி உன் லிஸ்ப்பையே மூடிரும். ரொட்டீன் திருப்பித் தர்ற இன்ஃபோ எண் பூஜ்யத்துக்கு மேல வந்தா மேட்ரிக்ஸ் சிங்குலர் (ஒரே ஒரு விடைன்னு கெடையாது), அத சும்மா விடாம ஒரு கண்டிஷனா (லிஸ்ப்ல எர்ரர் சொல்லுற முறை) சிக்னல் பண்ணு.