கேட்டால் மட்டும் மணி சொல்லும் கடிகாரம்

வணக்கம் சார்,

போன மாதம் திருச்சூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் துபாயில் தொழில் செய்பவர். பேச்சுவாக்கில் கைக்கடிகாரத்தின் இடதுபக்கம் இருந்த சின்னப் பிடி ஒன்றை மேலே தள்ளினார். உள்ளே மணி அடித்தது. அழகாகத்தான் இருந்தது. விலை சில கோடி என்று அப்புறம் கேள்விப்பட்டதும் எனக்குப் பாயசம் இறங்கவில்லை. அந்தப் பணத்துக்கு எங்கள் பக்கம் எவ்வளவு தென்னந்தோப்பு வாங்கலாம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. நேரம் பார்க்க போன் போதாதா? இதில் கலை என்று ஏதாவது உண்டா, இல்லை வெறும் பணக்கொழுப்பா? பழைய கடிகாரங்கள் பற்றி நீங்கள் முன்பு எழுதியிருந்ததால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்கிறார்), கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

பணக்கொழுப்பும் உண்டு. 2019இல் ஜெனீவாவில் நடந்த ஓர் அறக்கொடை ஏலத்தில் படேக் பிலிப் என்ற சுவிஸ் கம்பெனியின் ‘கிராண்ட்மாஸ்டர் சைம்’ கைக்கடிகாரம் 3.1 கோடி சுவிஸ் பிராங்குக்குப் போனது. நம் பணத்தில் 200 கோடிக்கும் மேல். அதுவும் தங்கமில்லை, ஸ்டீல். அந்தக் காசு தசைச்சிதைவு நோய் ஆராய்ச்சிக்குப் போனது என்பதால் வாயை மூடிக்கொள்கிறேன். தென்னந்தோப்புக் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் பக்கத்து இலையில் அடித்த மணி வேறு விஷயம்.

அது மினிட் ரிப்பீட்டர். கேட்டால் மட்டும் பேசும். பிடியைத் தள்ளும்போது மணியடிப்பதற்கென்றே இருக்கிற தனி ஸ்பிரிங் முறுக்கேறும். மணி 10:47 என்று வையுங்கள். கனத்த குரலில் பத்து அடி. பிறகு ‘டிங்-டாங்’ என்று இரட்டையாக மூன்று, அதாவது மூன்று கால்மணி. கடைசியில் மெல்லிய குரலில் இரண்டு. நாற்பத்தைந்தும் இரண்டும் நாற்பத்தேழு. இருக்கிறதிலேயே நீளமான பதில் 12:59க்குத்தான். பன்னிரண்டு, மூன்று ஜோடி, பதினான்கு என்று மொத்தம் 32 தட்டு.

எத்தனை அடிக்க வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? உள்ளே படிப்படியாக வெட்டிய சக்கரங்கள் இருக்கின்றன. உருவத்தைப் பார்த்து ‘நத்தை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மணி நத்தைக்குப் பன்னிரண்டு படி, கால்மணி நத்தைக்கு நான்கு. நிமிட நத்தைக்கு நான்கு கை, ஒவ்வொன்றிலும் பதினான்கு படி. பிடியைத் தள்ளியதும் மெல்லிய நெம்புகோல்கள் நத்தைகளின் மேல் விழுந்து, எந்தப் படியில் நிற்கிறோம் என்று தடவிப் பார்க்கும். எவ்வளவு ஆழம் விழுந்ததோ அத்தனை அடி. பல்லாங்குழியில் காயைத் துழாவி எண்ணுகிற மாதிரி.

இருட்டுக்காகப் பிறந்த பொருள் இது. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடுராத்திரி மணி பார்க்கச் சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டி மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். எட்வர்ட் பார்லோ, டேனியல் குவேர் என்ற இருவரும் மணி சொல்லும் இந்தச் சட்டைப்பைக் கடிகாரம் என்னுடைய கண்டுபிடிப்புதான் என்று உரிமை கேட்டு நின்றார்கள். 1687இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரிடம் வழக்குப் போனது. பார்லோவின் கடிகாரத்தில் மணிக்கு ஒரு பித்தான், கால்மணிக்கு இன்னொன்று. குவேருடையதில் ஒரே அழுத்தில் இரண்டும் வந்தன. மன்னர் குவேர் பக்கம் சாய்ந்தார். தூக்கக் கலக்கத்தில் இரண்டு பித்தானைத் தேட யாரால் முடியும்?

அப்போதெல்லாம் உள்ளே நிஜமாகவே ஒரு குட்டி மணி இருந்தது. 1783இல் பாரிஸ் வாட்ச்காரர் பிரெகே அதை எடுத்துவிட்டு, எந்திரத்தைச் சுற்றி வளைத்த எஃகுக் கம்பியை வைத்தார். கடிகாரம் மெலிந்தது. 1892இல், பின்னாளில் ஒமேகா என்று பெயர் எடுத்த கம்பெனி அதைக் கைக்குக் கொண்டுவந்தது. உங்கள் துபாய்க்காரர் கையில் இருப்பதும் பெரும்பாலும் இதே ஏற்பாடுதான்.

நீங்கள் கேட்ட கலை இந்தக் கம்பியில்தான் இருக்கிறது. கனத்த குரலுக்கு ஒன்று, மெல்லிய குரலுக்கு ஒன்று என்று இருக்கும் இரண்டு கம்பிக்கும் சுருதி சேர்க்கக் கைவினைஞர் அரத்தால் துளித்துளியாக அராவுகிறார். கூடுதலாக அராவிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது, கம்பியைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அப்புறம் எந்திரத்தை மூடியிருக்கும் வெளிக்கூடு. ரோஸ் கோல்டில் நாதம் நன்றாக வரும், பிளாட்டினம் விழுங்கிவிடும் என்பது வாட்ச்காரர்கள் சொல்வது. எல்லாம் முடிந்தாலும் காது ஒத்துக்கொள்ள வேண்டும். படேக்கில் ஒவ்வொரு ரிப்பீட்டரையும் கம்பெனித் தலைவரே கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் வெளியே விடுகிறார்கள். மிருதங்கத்தில் கல்லை வைத்துத் தட்டித்தட்டிச் சுருதி சேர்ப்பவரைப் பார்த்திருப்பீர்களே, அதே முகம்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. என் சித்தப்பா மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒருமுறை நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பழைய வீடொன்றிலிருந்து ஒரு பாக்கெட் வாட்ச் வந்தது. கால்மணி வரைக்கும் சொல்லும் வகை. சித்தப்பா கண்ணில் லென்ஸோடு மூன்று நாள் அதன் மேல் குனிந்திருந்தார். அழுக்கெடுத்து, எண்ணெய் தொட்டு, உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். ஏதோ கொசு இருமுவதுபோல ஒரு சத்தம். எனக்குச் சப்பென்று போய்விட்டது. அவர் சிரித்தபடி, ஸ்பிரிங் போட்டு வைக்கும் பலாமரப் பெட்டியைக் காலி பண்ணிக் கவிழ்த்து, அதன்மேல் வாட்சை வைத்து மறுபடி அழுத்தினார். கடை முழுக்க மணி. டீ கொண்டுவந்த பையன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

சதைதான் சத்தத்தைத் தின்கிறது, பலகை தின்னாது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் பலாவைத் தேடிப் போகிறவர்களுக்கு இது தெரியும். ஓடெமார் பிகே என்ற சுவிஸ் கம்பெனி 2015இல் ‘சூப்பர்சோனரி’ என்று ஒன்றைக் காட்டியது. லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்த ஆராய்ச்சியின் பலன் அது. கம்பிகளை எந்திரத்தில் பொருத்தாமல், கிட்டார் பலகை மாதிரி தனியாக ஒரு மெல்லிய தகட்டில் பொருத்தியிருந்தார்கள். கையில் கட்டியிருந்தாலும் சத்தம் கணீரென்று வெளியே வரும். படித்தபோது எனக்குப் பலாப்பெட்டி வாசனை அடித்தது.

அன்று நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். சித்தப்பா டீ குடிக்கத் திரும்பிய நேரம், மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே முள்ளைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ‘கிறுக்’ என்றது. ரிப்பீட்டரில் செய்யவே கூடாதது அது ஒன்றுதான். “அது பேசி முடிக்கட்டும்லே, எடையில கேறாதன்னு சொன்னேனா இல்லியா?” என்றார். அடிக்கவில்லை. உடைந்த பல்லுக்குப் பதில் இன்னொன்றை அராவிப் பொருத்த அவருக்கு இரண்டு வாரம் ஆனது, அதற்குக் கூலியும் வாங்கவில்லை.

எனக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால் சுவிஸ் பக்கம் போகமாட்டேன். 2011இல் ஜப்பானின் சீக்கோ தன் கிரெடோர் பெயரில் கொண்டுவந்த ரிப்பீட்டர்தான் என் தேர்வு. அதன் மணிக் கம்பிக்கான எஃகு ஹிமேஜி ஊரின் மியோச்சின் குடும்பத்துக் கொல்லர்களிடமிருந்து வந்தது. சாமுராய்களுக்குக் கவசம் அடித்த பரம்பரை. சாமுராய் காலம் முடிந்ததும் கணப்படுப்பில் கரியைத் தள்ளும் இரும்புக் குச்சிகள் செய்து பிழைத்தார்கள். அந்தக் குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் இனிமையாக இருந்ததால் காற்றுமணி செய்தார்கள். அங்கிருந்து கைக்கடிகாரத்துக்கு வந்தார்கள். இது கால்மணிக் கணக்கும் போடாது. மணி, பத்து நிமிடங்கள், நிமிடங்கள் என்று சொல்லும். 10:47க்குப் பத்து, நான்கு, ஏழு. நம் தலைக்கு அதுதான் சுலபம்.

வாங்காமல் கேட்க வழியுண்டா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். போனில் வரும் பதிவை நம்பாதீர்கள். மைக்கைப் பக்கத்தில் வைத்தால் கொசுகூட யானையாகும். ரிப்பீட்டர் இல்லாவிட்டாலும் மணியடிக்கும் எந்திரம் பார்க்க வேண்டுமென்றால் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் எதிரே மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம் இருக்கிறது. மணிக்கொருமுறை இரண்டு ஆட்டுக்கடாப் பொம்மைகள் அதிலிருக்கும் தாடிக்காரர் பொம்மையின் கன்னத்தில் முட்டும். அதைவிட எங்கள் தக்கலைக்கு வாருங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் மணிமாளிகைக் கடிகாரம் இன்னும் ஓடுகிறது. முந்நூறு வருஷப் பழசு என்கிறார்கள். கயிற்றில் தொங்கும் எடைகள் இறங்கி இறங்கி ஓட்டுகின்றன. நிலம் தமிழ்நாடு, அரண்மனை கேரள அரசுடையது. மணி மட்டும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக, யாரும் கேட்காமலே அடிக்கும்.

திங்கட்கிழமை மட்டும் வந்துவிடாதீர்கள், அன்று அரண்மனைக்கு விடுமுறை.