ஒரே கம்பெனிப் பங்கை 20 வருஷம் வைத்திருந்தால், விலைவாசி போக உண்மையில் எவ்வளவு மிஞ்சும்?

யாரோ "எட்டு மடங்கு ஆச்சு" என்று பெருமையடித்ததைக் கேட்டுவிட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் சொல்லித் திரிந்தவர்களில் நானும் ஒருவன்.

எனக்குச் சொந்த ஊர் கம்பம். மலைமேல் வண்டன்மேட்டுப் பக்கம் கொஞ்சம் ஏலத்தோட்டம். 2005 தீபாவளி சமயத்தில் காய் விற்ற பணம் 50,000 ரூபாயை அப்படியே ஒரே கம்பெனிப் பங்கில் போட்டேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சிபாரிசு செய்கிறேன் என்பார்கள். மனைவி நகை எடுக்கலாம் என்றாள். மச்சான், "இதுக்குக் குமுளிக்குப் போய் லாட்டரி எடுத்துட்டு வரலாமே மாப்ள" என்றார். இங்கே தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரிக்குத் தடை, எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்குக் கேரளத்துக் குமுளிதான்.

2025 ஜனவரியில் மகள் கல்யாணத்துக்கு விற்றேன். 4,10,000 வந்தது. 8.2 மடங்கு, வருஷத்துக்கு ஏறக்குறைய பதினொன்றரை சதவீதம். சரி, விலைவாசி? வருமான வரிக்காரர்களின் பணவீக்கக் குறியீட்டெண் 2005-06-க்கு 117, 2024-25-க்கு 363. அதாவது 3.1 மடங்கு. 8.2-ஐ அதால் வகுத்தால் 2.6 மடங்குதான். வருஷத்துக்கு ஐந்து சதவீதம் சொச்சம். அந்த எண்ணும் விலையேற்றத்தில் முக்கால்வாசியைத்தான் பிடிக்கும், ஆக நிஜம் இன்னும் குறைவு. டிவிடெண்டை (கம்பெனி தரும் லாபப் பங்கை) விட்டுவிட்டாயே என்று சண்டைக்கு வராதீர்கள். வந்தது, செலவானது, எழுதி வைக்கவில்லை.

அந்தப் பணத்தோடு நகைக்கடைக்குப் போனோம். பலகையில் பவுன் 60,000-ஐத் தாண்டியிருந்தது. நான் பங்கு வாங்கியபோது ஐயாயிரம் வாக்கில்தான். மனைவி எதுவும் பேசவில்லை, பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துவிட்டு நெக்லஸ் காட்டச் சொன்னாள். செய்கூலி, சேதாரம் போக 2005-ல் அந்த 50,000-க்குப் பத்துப் பவுன் வந்திருக்காது என்று சொல்லத்தான் நினைத்தேன். சொல்லவில்லை.

ஆனால் என்னோடு சேர்ந்து வேறு பங்கு வாங்கிய நண்பருக்கு இன்று அதை விற்க ஆளே இல்லை. அவர் இந்தத் தளத்தில் பதில் எழுத மாட்டார்.

அப்புறம், காய் விற்ற அந்த 50,000-மே இன்னும் அதிகமாக வந்திருக்க வேண்டும். சாம்பிள் பார்க்கிறேன் என்று மூட்டைக்கு ஒரு பிடி அள்ளித் தன் சாக்கில் போட்டுக்கொண்டார் வியாபாரி. நல்ல பச்சைக் காய். கேட்டால் "வழக்கம்தானே" என்கிறார்.